மூணாங்கால் யாருக்கு

“கண்ண மூடிக்கிடுங்க மேடம், கையக் கால ஆட்டப்படாது, நாப்பது நிமிசம்” என்று சொல்லிவிட்டு டெக்னீஷியன் புஷ்பலீலா கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிட்டாள், என்னிடமோ பேனா இல்லை. பேனாவும் மூக்குக்கண்ணாடியும் குறிப்பட்டைகளும் வெளியே நடையில் என் கணவரின் மடியிலுள்ள ரெக்சின் பைக்குள் இருக்கின்றன. நான் இருபத்தொரு கம்பிகளின் முனையில், தலை முழுவதும் பசை அப்பிய கோலத்தில் மல்லாந்து கிடக்கிறேன். பாடுகிற ஒருத்தியின் முன்னால் பேனா இல்லாமல் நான் இருந்தது இந்த அறுபத்து நான்கு வயதில் இதுதான் முதல்தடவை. அவள் பாடினாள், அதில் ஐயமில்லை. மூளையின் மின்னோட்டத்தை வரைகிற இந்த இ.இ.ஜி. அறையில், அளவு நாடாவை வைத்து மண்டையை அளந்து, சிவப்புப் பென்சிலால் குறியிட்டு, கம்பி ஒட்டுவதற்காக என் முடியை வகிர்ந்து வகிர்ந்து பிரித்துக்கொண்டிருந்தபோது, “இம்புட்டு நீளமா வளத்து வச்சா எங்க பாடு திண்டாட்டம் மேடம்” என்று குறைபட்டுக்கொண்டே, கை பழகிய வேலையில் வாய் தானாகத் திறந்ததுபோல, முணுமுணுத்தாள்: ஒருகால் பிரிச்சேன் ஆத்துக்கு, மறுகால் பிரிச்சேன் காத்துக்கு. பின்னலின் ஒவ்வொரு பிரியையும் எங்கள் பக்கத்துப் பெண்கள் கால் என்பார்கள். மூன்று கால் சேர்ந்தால் சடை. இருபத்தாறு ஆண்டுகளாக நான் அந்தச் சடைப்பாட்டைத்தான் ஊர் ஊராகத் தேடி, வாய்க்கு வாய் மாறுகிற நாற்பது பாடங்களாகத் தொகுத்திருக்கிறேன். இவள் பாடியதோ நாற்பதில் எதிலும் இல்லாதது. நாற்பத்தோராவது பாடம், பசை டப்பாவோடு வந்து, என் உச்சந்தலைக்கு மேல் நின்று, தன்னை யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் பாடிவிட்டுப் போயிருக்கிறது. மூணாங்கால் யாருக்கு மறந்துபோச்சே, மறுக்கா அவுத்துப் பின்னுவமே. இருக்கிறது, அப்படியே இருக்கிறது. மூணாங்கால் யாருக்கு மறந்துபோச்சே, மறுக்கா அவுத்துப் பின்னுவமே. இனி நாற்பது நிமிடம் இதைக் கீழே வைக்காமல் சுமக்க வேண்டும், ஐந்து நிமிடத்துக்கு முன் மாத்திரை போட்டேனா இல்லையா என்று கணவரைக் கேட்கிற நான்.

முடிந்த பிறகு அவளையே இன்னொருமுறை பாடச் சொல்லிவிடலாமே என்று இந்தத் தொழிலை அறியாதவர்கள் சொல்வார்கள். பாடுகிறவர்கள் இரண்டாம்முறை அதே பாட்டைப் பாடுவதில்லை. பாடியது அதே பாட்டுத்தான் என்று சத்தியம் மட்டும் செய்வார்கள். முதன்முறை வாயில் வந்தது வந்ததுதான், அதைப் பிடித்தவள் நான் ஒருத்தி. ஆகவே சோதனை இதுவாகவே இருக்கட்டும் என்று சற்றுமுன் முடிவு செய்தேன், கண்ணை மூடிய அந்த நொடியில். நேற்றுச் சங்கரலிங்கம் தொலைபேசியில் கூப்பிட்டார். பதிப்பில் என்னோடு சேர்ந்து உழைத்தவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். “பிரமநாயகி, அச்சகத்துக்காரர் இதுக்கு மேல பொறுக்கமாட்டார். நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துச் சடைப்பாட்ட நான் பாத்து அனுப்பிடுதேன். நீங்க உடம்பப் பாருங்க.” “நீங்கள் பார்த்தால் மூன்றாம் காலைக் கோயிலுக்கு என்று போட்டுவிடுவீர்கள்.” “போடத்தான் செய்வேன். பதினெட்டுப் பாடத்துல கோயிலுக்குன்னுதான இருக்கு? நீங்க ஒத்தப் பாடத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கீங்க.” “நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்” என்றேன். எதைச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. டாக்டர் இரத்தத்தைப் பார்த்துச் சொல்வார், படத்தைப் பார்த்துச் சொல்வார். நாற்பது பாடங்களுக்கு நடுவே உட்கார்ந்து இது மூலம், இது பிற்சேர்க்கை என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி இந்த மண்டைக்கு மிச்சமிருக்கிறதா என்பதற்கு எந்த ஆய்வகத்தில் சோதனை உண்டு? இங்கே உண்டு. இந்த இரண்டு அடியை முழுதாகக் கரை சேர்த்தால் பதிப்பை நானே முடிப்பேன். வழியில் சிந்திவிட்டால் குறிப்பட்டைப் பெட்டியை மாலையே சங்கரலிங்கத்தின் வீட்டில் இறக்கிவிடுவேன், முணுமுணுக்காமல். மூணாங்கால் யாருக்கு மறந்துபோச்சே.

அந்த ஒற்றைப் பாடத்தை நான் ஏன் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதை நினைத்தால் இப்போதுகூடச் சிரிப்பு வருகிறது, சிரிக்கக்கூடாது, கன்னம் அசைந்தால் கோடு கிறுக்கும் என்றிருக்கிறாள். சென்ற ஆடி மாதம் ஒலிப்பதிவுகளைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டாம் பாடம், மானூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தியின் கம்மிய குரல், மூணாங்கால் பிரிச்சேன் தீயிக்கு என்று வருகிறது, என் இடக்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நிற்கிறது. ஆறு, காற்று, தீ! இதுவல்லவோ ஆதிப்பாடம் என்று அட்டையின் ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டேன். மறுநாள் வேறொரு பாட்டு, வேறொரு சிலிர்ப்பு, வேறொரு நட்சத்திரம். ஒரு மாதத்தில் பதினான்கு நட்சத்திரங்கள். இத்தனை காலம் கேட்டுக் கேட்டுச் செவி பழுத்துவிட்டது, அறிவு தயங்கும் இடத்தில் உடம்பே பாடத்தைத் தேர்கிறது என்று எனக்குள் ஒரு பெருமிதம். அந்தப் பெருமிதத்தில் தீயிக்கு என்பதை மூலத்தில் ஏற்றி, அடிக்குறிப்பாகப் பதினொரு பக்கம் எழுதினேன். ஐம்பூதம், சடங்கு, சுடுகாடு, எதையும் விடவில்லை. சிலிர்த்தது இடக்கை மட்டும்தானே, வலக்கை ஏன் சும்மா கிடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டவர் ஆறுமுகநயினார், என் கணவர். முப்பத்தைந்து வருடம் ரயிலில் கார்டாக இருந்தவர், எந்தக் காகிதத்தையும் இரண்டுதரம் பார்க்காமல் விடமாட்டார். மளிகைச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, “பெரமு, தொவரம்பருப்பு அரைக் கிலோவுக்கு நேரா நச்சத்திரம் போட்டிருக்கியே, இதுவும் ஆதிப்பாடமா?” என்றார். பருப்பை எழுதும்போதும் கை சிலிர்த்திருக்கிறது, பழக்கதோஷத்தில் குறி போட்டிருக்கிறேன்.

அந்தச் சிலிர்ப்பே வலிப்பின் ஒரு வகை என்று டாக்டர் மெகர்பானு சொன்னபோது ஐப்பசி கழிந்திருந்தது. சிலிர்ப்புக்குப் பின் வலக்கையும் வலக்கன்னமும் ஒரே நொடி வெட்டி இழுக்கத் தொடங்கியிருந்தன, நாளுக்கு முப்பது, நாற்பது தடவை. தம்ளர் நழுவும், பேனா துள்ளும், நான் அதை வயது என்றேன். கணவர் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, நேரம், பக்கம், எத்தனை நொடி என்று ரயில் கடந்துபோவதைப்போல ஒவ்வொன்றையும் குறித்தார். பிறகு இரத்தத்தில் உப்பு இறங்கியது, காலையில் வந்து போனவர் யார் என்பது மாலையில் தெரியாமல் போயிற்று, பிறகு பெரிய வலிப்பு. “உங்க உடம்பே உங்க மூளைக்கு எதிரா ஆன்டிபாடி தயார் பண்ணிருக்கு. புதுசா வர்ற ஞாபகத்தைச் சேத்து வைக்கிற இடத்துல வீக்கம். அதே வீக்கம்தான் ஒரு பக்கம் ஃபிட்ஸா வருது, இன்னொரு பக்கம் மறதியா வருது. ஃபிட்ஸ் மாத்திரை மட்டும் குடுத்தா கேக்காது, வீக்கத்த அடக்கணும்” என்றார் டாக்டர். எனக்கு எங்கள் இரண்டாம் தொகுதியின் மெய்ப்புத் திருத்துநர் நினைவுக்கு வந்தார். மகா உழைப்பாளி. பாட்டிலிருந்த வாரேன், போறேன் எல்லாவற்றையும் வருகிறேன், போகிறேன் என்று திருத்தி, தாலாட்டை எல்லாம் அரசாங்க அறிவிக்கையாக்கி அனுப்பினார்; பிழையே இல்லாத இடத்தில் பிழை கண்டு சிவப்பு மையைக் கொட்டினார். என் உடம்புக்குள்ளும் அவரைப் போலொருவர் உட்கார்ந்து, சரியாக இருந்த வரிகளை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்து நாள் ஊசியாகவும் பிறகு மாத்திரையாகவும் ஸ்டீராய்டு போய் அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியது. இழுப்பு நின்றது, முகம் பூசணிக்காயானது, பசி வந்தது, காரணமில்லாமல் ஓர் உற்சாகம் வந்தது. அந்த உற்சாகமும் மருந்துடையதே என்றார்கள். சிலிர்ப்பு நோயுடையது, மகிழ்ச்சி மருந்துடையது, அப்படியானால் இந்த வீட்டில் என்னுடையது எது என்று கேட்டேன். “தொவரம்பருப்பு” என்றார் கணவர்.

நினைவிலிருந்து போன அந்த மூன்று வாரம் மட்டும் திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். நான் இல்லாமல் நடந்த என் கதைக்கு மூன்று பாடங்கள் கிடைத்திருக்கின்றன. கணவரின் பாடத்தில் காலை ஏழு பன்னிரண்டுக்கு அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது விழுந்தேன். எதிர்வீட்டுக் கோமதிநாச்சியாரின் பாடத்தில் வாசலில், கையில் கோலப்பொடி டப்பாவோடு. சங்கரலிங்கத்தின் பாடத்தில் தொலைபேசியில், தீயைப் பற்றிய ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவே. “எழுவாய் வந்துட்டு, பயனிலையைக் காணோம், எப்பவும்போல இழுக்கீங்கன்னு நெனச்சேன்” என்கிறார். துருவியோடும் டப்பாவோடும் தொலைபேசியோடும் ஒருத்தி மூன்று இடத்தில் விழ முடியாது; ஆனாலும் மூவரும் கண்ணால் கண்டவர்கள், காதால் கேட்டவர்கள், ஒருவரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள். மூன்றையும் தனித்தனி அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கும் நட்சத்திரம் போடவில்லை. அட்டை, நட்சத்திரம், எதை விட்டேன், வரியை விட்டுவிட்டேனே, மூணாங்கால் யாருக்கு மறந்துபோச்சே, மறுக்கா, ஆம், மறுக்கா அவுத்துப் பின்னுவமே, இருக்கிறது. இன்னும் எத்தனை நிமிடம்? மூலையில் சிவப்புப் பொட்டுடன் கேமரா ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும், கண்ணைத் திறந்தால் தெரியும், திறக்கக்கூடாது.

“மேடம், இப்ப மூச்ச நல்லா இழுத்து இழுத்து விடுங்க, பலூன் ஊதுத மாதிரி, மூணு நிமிசம்” என்கிறது தடுப்புக்கு அப்பாலிருந்து குரல். ஊதுகிறேன். மூணாங்கால், ஊது, யாருக்கு, ஊது, வரியை மூச்சோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று பார்த்தால் மூச்சு வரியைவிட வேகமாக ஓடுகிறது, “நிப்பாட்டாதீங்க, இன்னும், இன்னும்”, விரல்நுனி மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது, தலை இலேசாகித் தென்னை உயரத்துக்கு எழும்புகிறது. மூணாங்கால் யாருக்கு மறந்துபோச்சே, ஊது, மறந்துபோச்சே, ஊது, மறந்துபோச்சே. அப்புறம்? அப்புறம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் இப்போது சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளையாக இருக்கிறது. “போதும் மேடம், சும்மா படுங்க” என்கிறாள், நான் சும்மா படுக்கவில்லை, சுவரைத் தடவிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசியிலும் இப்படித்தான் இருந்திருக்குமோ, ஒவ்வொன்றாக இப்படி வெளுத்து வெளுத்து, வெளுப்பதைக்கூட அறியாமல்? மறந்துபோச்சே, வெள்ளிக்கு வாடி சொல்லுதேன். ஓசை பொருந்துகிறது, ஆனால் அவள் பாடியதல்ல. மறந்துபோச்சே, மாமியக் கேட்டுச் சொல்லுதேன். இதுவும் நானே கட்டியது. அடடா, எவ்வளவு சுலபமாக வருகிறது! வெள்ளையடித்த சுவரைக் கண்டால் வாய் சும்மா இருப்பதில்லை, ஏதாவது ஒரு படத்தை மாட்டிவிடுகிறது. மாட்டியவளுக்கே அது பழைய படம் என்று தோன்றிவிடுகிறது. பதினெட்டுப் பேர் கோயில் படத்தை மாட்டினார்கள், ஒன்பது பேர் கிணற்றை, மானூர் அம்மாள் தீயை. ஒருவேளை, ஒருவேளை நாற்பது பாடமும் இப்படித்தான் பிறந்தனவோ? பாட்டில் மூன்றாம் காலுக்கு விடையே இல்லாமல் இருந்து, விடையில்லாததைப் பொறுக்கமாட்டாத நாற்பது வாய்கள் ஆளுக்கொன்று நிரப்பினவோ? அப்படியானால் பதினொரு பக்க அடிக்குறிப்பு? அது நாற்பத்தோராவது வாய். என் வாய்.

வெளிச்சம். மூடிய இமைக்கு வெளியே விளக்கு வெட்டி வெட்டி அடிக்கிறது, சிவப்பு, கறுப்பு, சிவப்பு. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலத்தைக் கடக்கும்போது வெயில் இரும்புச் சட்டங்களுக்கு நடுவே இப்படி வந்து போகும். யோசித்துப் பயனில்லை, யோசனைதான் படம் மாட்டுகிறது. கையிடம் கேட்கலாம். கையை ஆட்டக்கூடாது, ஆனால் கை ஆடுவதாக நினைக்கலாமல்லவா, நினைப்புக்குக் கோடு கிறுக்காது. ஐந்து வயதிலிருந்து தினம் பின்னிய முடி. முன்னால் எடுத்துப் போட்டுக்கொள்கிறேன், மனத்துக்குள், மூன்றாகப் பிரிக்கிறேன். ஒருகால் பிரிச்சேன் ஆத்துக்கு, இடப்பக்கத்துப் பிரி நடுவே போகிறது. மறுகால் பிரிச்சேன் காத்துக்கு, வலப்பக்கத்துப் பிரி நடுவே போகிறது. மூணாங்கால் கையில் இருக்கிறது, யாருக்கு என்று தெரியவில்லை, மறந்துபோச்சே, ஆகவே அது போக இடமில்லை, இரண்டு கையும் மூன்று பிரியும் அந்தரத்தில் நிற்கின்றன, மற்ற நாற்பதிலும் இங்கே ஒரு விடையைச் சொல்லி ரிப்பனை முடிந்து பாட்டும் முடிந்துவிடும், இவளுடையதில் முடிய முடியாது, விரல் என்ன செய்யும், விடும், பின்னல் தானாக உலையும், மறுபடி பிரி, மறுக்கா அவுத்துப் பின்னுவமே! மறுக்கா அவுத்துப் பின்னுவமே, அவிழ்த்தால் பாட்டு மேலே போய்விடுகிறது, ஒருகால் பிரிச்சேன் ஆத்துக்கு. இந்தப் பாட்டு முடிவதே இல்லை. இந்த மறதியில்தான் அது திரும்புகிறது, செக்கு திரும்புவதைப்போல. மறக்காவிட்டால் ஒருமுறை பாடிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். எவ்வளவு அழகான ஏற்பாடு, எவ்வளவு பெரிய குறும்பு! ஆறு, காற்று என்று பெரிதாகத் தொடங்கி, மூன்றாவது என்ன என்று வாயைப் பிளந்து பார்க்கிற பெண்ணிடம், மறந்துபோச்சே என்று கையை விரித்துவிடுவது. ஆனால் பிரமநாயகி, பொறு. அழகாக இருக்கிறது என்பதால்தானே தீயையும் ஏற்றினாய்? இது புஷ்பலீலா பாடியதா, சுவரில் நீ மாட்டிய இன்னும் அழகான படமா? தெரியவில்லை. விளக்கு நின்றுவிட்டது. உண்மையாகவே தெரியவில்லை.

“கண்ணத் தெறக்கலாம் மேடம். கம்பி இருக்கட்டும், டாக்டர் பாத்துட்டுச் சொன்னப்பெறவு கழட்டுதேன்.” திறந்தவுடன் ஒப்பித்துவிட்டேன், வணக்கமும் சொல்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதைப்போல, நான்கு அடியையும். புஷ்பலீலா கையில் பஞ்சோடு நின்றாள். “இத நான் பாடுனேனா?” “பாடினீர்கள். தலையை வகிரும்போது.” அவள் வெட்கப்பட்டாள். “ஹாஸ்டல்ல எங்க ரூமுல எசக்கியம்மான்னு ஒருத்தி, எல்லாருக்கும் அவதான் சட பின்னுவா, அவ பாட்டு. ஆனா கடைசி அடி அப்படி இல்ல மேடம். மறுக்கா வாடி முடிச்சுப்போட, அப்படித்தான் வரும். நான் எப்பவும் அப்படித்தான் பாடுவேன்.” குறிப்பட்டைப் பெட்டியின் கனத்தை மட்டும் கையில் உணர்ந்தேன். சங்கரலிங்கத்தின் வீட்டு மாடிப்படி செங்குத்தானது, கணவர்தான் தூக்க வேண்டியிருக்கும். சரி. சொன்னால் சொன்னதுதான், முணுமுணுக்காமல் கொடுத்துவிட வேண்டும். “அதுக்கேன் மொகம் வாடுது? வேணும்னா போட்டுக் கேப்போம்” என்றாள் புஷ்பலீலா. “எதை?” “கேமராவுல சத்தமும் பதியும்லா? ஃபிட்ஸ் வந்தா என்ன பேசுனாங்கன்னு டாக்டர் கேப்பாங்க. நீங்க உள்ள வந்ததுல இருந்தே ஓடுதே!” பேனா இல்லை என்று நாற்பது நிமிடம் நான் பட்ட பாட்டையெல்லாம் மூலையிலிருந்து அந்தச் சிவப்புப் பொட்டு பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது.

கதவைத் திறந்து கணவரையும் உள்ளே விட்டாள். ரெக்சின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கம்பிகளுக்கு நடுவே இருந்த என்னை ஏற இறங்கப் பார்த்து, “சிக்னல் கம்பமே தோத்துது” என்றார். திரையில் நான் உட்கார்ந்திருக்கிறேன், அவள் என் தலைக்குப் பின்னால் நிற்கிறாள், இம்புட்டு நீளமா வளத்து வச்சா என்கிறாள், பிறகு வருகிறது, சன்னமாக, ஆனால் எழுத்தெழுத்தாக: ஒருகால் பிரிச்சேன் ஆத்துக்கு, மறுகால் பிரிச்சேன் காத்துக்கு, மூணாங்கால் யாருக்கு மறந்துபோச்சே, மறுக்கா அவுத்துப் பின்னுவமே. புஷ்பலீலா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “நானா பாடுனேன்! சத்தியமா அப்படிப் பாடல மேடம்!” பாடியவள் தன் படத்துக்கு முன்னாலேயே நின்று சத்தியம் செய்கிறாள், மூளை வீங்கி மூன்று வாரத்தைத் தொலைத்தவள் வரியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். கையைப் பார்த்தேன். இடக்கை வழுவழுவென்று கிடந்தது, ஒரு மயிர்க்காலும் எழவில்லை. அதற்குப் பதிலாக வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது, அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. “பதினோரு பக்கம்” என்றேன் கணவரிடம், “பதினோரு பக்கம் ஐம்பூதம் எழுதினேனே, அவள் மறந்துபோச்சே என்கிறாள்!” அவரும் தொடங்கிவிட்டார். “மேடம், சிரிக்காதீங்க, கம்பி இன்னும் ஓடுது, டாக்டர் என்னைத்தான் ஏசுவாங்க” என்று புஷ்பலீலா பக்கத்துத் திரையைக் காட்டினாள். நாற்பது நிமிடம் அமைதியாக ஓடிய கோடுகள் எல்லாம் கோழி கிளறிய குப்பைபோல எழுந்து கிடந்தன, அதைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது. “சங்கரலிங்கத்தைக் கூப்பிடுங்கள்” என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு, “நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நானே எழுதுகிறேன், தீயும் கிடையாது கோயிலும் கிடையாது என்று சொல்லுங்கள்.” “இரு, இரு, கடமை முதல்ல” என்றவர் பையிலிருந்து கட்டம் போட்ட நோட்டை எடுத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், முப்பத்தைந்து வருட ஒழுங்கோடு எழுதினார், எழுதியதை என் முகத்துக்கு நேரே பிடித்தார். நேரம்: 11.46. பக்கம்: இரண்டு கன்னமும். எத்தனை நொடி: இன்னும் நிற்கவில்லை.